குழாயைப் பூட்டுங்கள், தம்பியை உள்ளே விடுங்கள்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) இருக்கும் எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும், கார் வைத்திருக்கும் அத்தனை வீட்டாருக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். மூன்றே வரி. தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும் வரை வளாகத்துக்குள் கார் கழுவக் கூடாது. கார் துடைக்க வெளியிலிருந்து வரும் ஆட்களுக்கு இனி அனுமதி இல்லை. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். முதல் வரியைக் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று நினைக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது அந்த நடு வரி.

நம் நிலைமை எனக்குத் தெரியாதது இல்லை. இரண்டு போர்வெல்லில் ஒன்று ஏப்ரலிலேயே காற்றை இறைக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொன்றை அரை மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. காலை 6 முதல் 8 வரை, மாலை 6 முதல் 8 வரை என்று நேரம் வைத்துத்தான் வீடுகளுக்குத் தண்ணீர் விடுகிறீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, "அண்ணே, ஒரே ஒரு லோடு, காலையில சம்ப்ல ஒண்ணும் இருக்காது" என்று லாரிக்காரரிடம் நம் செயலாளர் கெஞ்சிக்கொண்டிருந்ததை மாடிப்படியில் ஏறும்போது நானே கேட்டேன். சம்பளம் இல்லாத வேலை. அதைச் செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தத் தடை தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. எப்படி என்று அளந்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை விசிட்டர் பார்க்கிங் ஓரம் இருக்கும் குழாய்க்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சை டியூபைச் செருகி நாம் கார் கழுவுகிற அதே குழாய். டியூபின் முனையை 15 லிட்டர் வாளிக்குள் விட்டு, குழாயை முழுதாகத் திறந்து, போனில் நேரம் வைத்தேன். வாளி நிறைய 56 விநாடி ஆனது. (அந்தத் தண்ணீரை மதில் ஓரத்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன், வீணாகவில்லை.) அதாவது நிமிடத்துக்கு 16 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு காரைக் கழுவ நாம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோம்? நான் பால்கனியிலிருந்து பார்த்த வரையில் பத்து நிமிடத்துக்குக் கீழே யாரும் இல்லை. இருபது நிமிடம் ஆகிறவர்களும் உண்டு. சோப்பு போடும்போது டியூபைத் தரையில் போட்டுவிட்டுப் போடுகிறோம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சராசரியாகக் கால் மணி நேரம் என்று வைத்தால் ஒரு காருக்கு 240 லிட்டர்.

நம் வளாகத்தில் 84 கார்கள். ஞாயிறு தோறும் டியூபில் குளிப்பவை ஐம்பதாவது இருக்கும். வாரத்துக்கு 12,000 லிட்டர். இது நமக்கு நன்றாகப் பழகிய எண்தான், ஒரு பெரிய லாரி. மாதத்துக்கு நான்கு லாரி. நாம் கெஞ்சி, காத்திருந்து, மெயின்டனன்ஸில் காசைக் கூட்டி வாங்குகிற தண்ணீரில் மாதம் நான்கு லாரி கார் பார்க்கிங்கில் ஓடிப்போகிறது.

இப்போது தம்பியின் கணக்கைச் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் தம்பி என்றே எழுதுகிறேன், நம் எல்லோருக்கும் அவர் தம்பிதான். கண்ணகி நகரிலிருந்து சைக்கிளில் வருகிறார். காலை நாலரைக்கு வந்தால் எட்டு மணிக்குள் 26 கார்களைத் துடைத்துவிட்டு அடுத்த வளாகத்துக்குப் போவார். காருக்கு மாதம் 500 ரூபாய். அவர் கையில் டியூபை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாளி, இரண்டு துணி. ஒரு வாளித் தண்ணீரில் மூன்று கார்களைத் துடைப்பார், அப்புறம் தண்ணீரை மாற்றுவார். 26 காருக்கு ஒன்பது வாளி, 135 லிட்டர்.

இந்த 135 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடுகிற அளவும் இதே 135 லிட்டர்தான். ஒரே ஒருவர் குளித்து, சமைத்து, துவைத்து, பாத்திரம் கழுவி, குடிக்க ஆகும் தண்ணீரில் தம்பி 26 கார்களை முடித்துவிடுகிறார். நாமோ ஞாயிறு காலையில் ஒரே ஒரு காருக்கு அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு கொட்டுகிறோம்.

இப்போது சொல்லுங்கள், அறிவிப்பு யாரை நிறுத்தியிருக்கிறது? புதன்கிழமை விடிகாலை தம்பி வழக்கம்போல வந்திருக்கிறார். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மத்தியானம் எனக்கு போன் செய்தார். "அக்கா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். திருட்டுப் பேச்சு ஏதாவது வந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறார். தண்ணீர்ப் பஞ்சம்தான் காரணம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "தண்ணியா? நான் எவ்ளோ தண்ணிக்கா எடுத்தேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு பதில் சொல்லத்தான் அன்று வாளியும் போனுமாகக் கீழே இறங்கிப்போனது.

டியூபை அறிவிப்பு நிறுத்தியதா? அதுவும் இல்லை. வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு, வெளிச்சம் வருவதற்கு முன்பே, ஒருவர் டியூபைச் செருகிக் காரைக் கழுவியிருக்கிறார். யார் என்று எழுதப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. இரவுக் காவலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் போய்ச் சொல்லியிருக்கிறார். "நான் ஓனர், நீ யார் என்னைக் கேட்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். இதை என்னிடம் சொல்லும்போது அவர் கை நடுங்கியது. மீறுகிறவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி அவருக்கு உத்தரவு. நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர் நம்மை எப்படிப் படம் எடுப்பார்? எடுத்தால் வேலை இருக்குமா? ஒரு விதியைக் காப்பாற்றுகிற பாரத்தை வளாகத்திலேயே எதிர்த்துப் பேச முடியாத மனிதரின் தலையில் வைத்திருக்கிறோம். குழாய்க்கு ஒரு பூட்டு போட்டிருந்தால் அவர் யாரிடமும் பேச்சு வாங்கியிருக்க மாட்டார். கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பூட்டு.

2019-ஐ நம்மில் பழையவர்கள் மறந்திருக்க மாட்டோம். முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிறைந்தால் 11 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். அந்த ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. செம்பரம்பாக்கத்தில் ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த படம் உலகம் முழுக்கப் போனது. நம் ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாததுதான் காரணம். அப்போது ஒரு லாரிக்கு நாம் 5,000 ரூபாய் வரை கொடுத்திருக்கிறோம், அதுவும் நான்கு நாள் காத்திருந்து.

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இரு நூறு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளத்தில் உருண்டு வந்த காவிரித் தண்ணீர். மாலை போட்டு, வாழை மரம் கட்டி வரவேற்ற ரயில். ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஒரு வளாகம், ஒரே ஒரு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கார் கழுவக் கொட்டுவது 48,000 லிட்டர். அந்த ரயிலில் கிட்டத்தட்ட ஒரு வேகன். இந்தச் சாலையில் நம்மைப்போல எத்தனை வளாகங்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வருடம்தான் நான் ஒரு வாளியில் கார் கழுவக் கற்றுக்கொண்டேன். முதலில் பிடிவாதமாக நாற்பது நாள் கழுவாமலேயே விட்டேன். மனிதர்களுக்கே குளிக்கத் தண்ணீர் இல்லாதபோது காருக்கு என்ன என்ற எண்ணம். அதில் தப்பில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், தூசி படிந்த கார் ஓடாமல் போய்விடாது. ஆனால் இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒரு நாள் மாலை துரைப்பாக்கம் சிக்னலில் எதிர் வெயில் அடித்தபோது முன்கண்ணாடித் தூசியில் எதுவுமே தெரியவில்லை, குறுக்கே வந்த சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். இன்னொன்று, பறவை எச்சம். நிழலுக்கு என்று புங்க மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். எச்சம் காய்ந்து, வெயிலில் சுட்டு, பெயின்டையே அரித்துவிட்டது. இன்னும் பானெட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. போதாததற்கு நமக்கு இரண்டு கிலோமீட்டரில் கடல். உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று பால்கனி கிரில்லைப் பார்த்தாலே தெரியும். ஆக, கார் கழுவவே கூடாது என்ற விதியைப் பல மாதங்களுக்கு யாராலும் கடைப்பிடிக்க முடியாது. முடியாத விதியைப் போட்டால் ஐந்து மணி இருட்டில் டியூப் வெளியே வரும். இல்லையென்றால் கார்கள் மெயின் ரோட்டு வாட்டர் வாஷ் கடைக்குப் போகும். அந்தக் கடையின் போர் எந்த மண்ணிலிருந்து இழுக்கிறது? நம் போருக்கு அடியில் இருக்கும் அதே மணலிலிருந்துதான். நம் கணக்கில் குறைந்தது போலத் தெரியும், பூமிக்குக் குறையாது.

"லாரிக்கு நான்தானே காசு கொடுக்கிறேன், என் தண்ணீரை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். காசு லாரிக்கு, டீசலுக்கு, டிரைவருக்குப் போகிறது. தண்ணீர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் வயற்காட்டுக் கிணறுகளிலிருந்து வருகிறது. என் அம்மாவின் ஊரும் அந்தப் பக்கம்தான். பம்புசெட் போட்டு நெல்லுக்குப் பாய்ச்சிய கிணற்றில் இப்போது ராத்திரியெல்லாம் லாரி நிரம்புகிறது. பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு வற்றினால் அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. 2019-ல் நம் லாரிகளைக் கிராமத்து ஜனங்கள் மறித்தார்களே, அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

சரி, மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? 2024 மார்ச்சில் பெங்களூரு தவித்தபோது அங்கே குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. கார் கழுவ, தோட்டத்துக்குப் பாய்ச்ச, கட்டட வேலைக்கு, அலங்கார நீரூற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம், தொடர்ந்து மீறினால் நாளுக்கு 500 ரூபாய் கூடுதல். 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று ஆனபோது அங்கேயும் மாநகராட்சிக் குடிநீரால் வண்டி கழுவத் தடை. இரண்டு உத்தரவிலும் கவனிக்க வேண்டிய சொல் குடிநீர். எந்தத் தண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்று பார்த்திருக்கிறார்கள். நம் முதல் வரியைத் திருத்த வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். "கார் கழுவக் கூடாது" என்பதற்குப் பதிலாக "டியூப் போட்டுக் கார் கழுவக் கூடாது, ஒரு காருக்கு இரண்டு வாளிக்கு மேல் கூடாது" என்று எழுதினால் அதை எல்லோராலும் கடைப்பிடிக்க முடியும்.

இரண்டு வாளியில் கார் கழுவ முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். விடிகாலையில், நிழலில், பானெட் சூடு ஆறின பிறகுதான் ஆரம்பிப்பேன். சூடான தகட்டில் தண்ணீர் பட்டவுடன் காய்ந்து, மறுபடி மறுபடி ஊற்றச் சொல்லும். ஒரு வாளியில் ஒரு மூடி கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். துணி துவைக்கிற பவுடர், பாத்திர சோப்பு இரண்டும் வேண்டாம். அவை மேல்பூச்சு மெழுகை எடுத்துவிடும், நுரை போக இன்னும் நாலு வாளி ஆகும். எச்சம் இருக்கும் இடத்தில் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும், சுரண்டக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் துடைக்க எட்டு முகம் கிடைக்கும். கூரையில் ஆரம்பித்து, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல் பாதி, கடைசியில் கீழ்ப் பாதி. ஒரு முகம் அழுக்கானால் அடுத்த முகம். வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் துணி ஷாம்பு வாளிக்குத் திரும்பப் போகும், அப்போதுதான் மண் காரில் தேயாது. சக்கரத்துக்குத் தனித் துணி, அதை மறந்தும் மேலே கொண்டுபோகக் கூடாது. காய்ந்த தூசியின் மேல் வெறும் துணியை ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தச் சாலையில் படிவது பாதி சிமென்ட்டும் மணலும். அது உப்புத்தாள் தேய்ப்பது போலத்தான், வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

முழுதாகக் கழுவி முடிக்க 25 முதல் 30 லிட்டர் ஆகிறது. ஐம்பது கார்களும் இப்படிக் கழுவினால் மாதத்துக்கு நான்கு லாரி அரை லாரி ஆகிவிடும். வாரா வாரம் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆக்கினால் கால் லாரிதான்.

அந்தக் கொஞ்சத் தண்ணீரும் போர் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. 2019-ல் பாதிச் சென்னை ஏ.சி. குழாயின் கீழே வாளி வைத்தது. நான் இன்னும் அதை விடவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு என் படுக்கையறை ஏ.சி. ஒரு ராத்திரியில் முக்கால் வாளி தருகிறது. காற்றிலிருந்து வடிந்த தண்ணீர் என்பதால் அதில் உப்பே இல்லை. கண்ணாடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது, காய்ந்தால் வெள்ளைத் திட்டு வராது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதற்கு நேர் எதிர், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். சக்கரத்துக்கும் மிதியடிக்கும் அது போதும். பெயின்டில் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் திட்டு நின்றுவிடும்.

எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் இருக்கிறதே, அதில் கழுவலாமே என்று சிலர் சொன்னீர்கள். நல்ல யோசனைதான். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-ல் தொடங்கிய ஆலைகள் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய்ச் சுத்தமாக்குகின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. நம் ஊர்க் கார்கள் பிறக்கிற இடங்கள் அவை. கார் பிறக்கும் பேட்டைக்குச் சுத்திகரித்த கழிவுநீர் போதும் என்றால், அதைக் கழுவக் குடிதண்ணீர் எதற்கு? ஆனால் நம் வளாகத்து எஸ்.டி.பி. அந்தத் தரத்தில் இல்லை என்பதை நாம் எல்லோரும் மூக்காலேயே அறிவோம். டியூபில் பீய்ச்சுகிற நமக்கு அது பரவாயில்லை. மூன்றரை மணி நேரம் அதில் கையை விட்டு விட்டு எடுக்கப்போகிறவர் தம்பி. தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் பார்த்து, குளோரின் சரியாக இருக்கிறது என்று தெரிந்து, அவருக்குக் கையுறையும் வாங்கிக் கொடுத்த பிறகு அதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதுவரை யாரும் பேசாதது. நாம் கார் கழுவும் இடத்தில் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நான் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீர் நேராக ஓடி, வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சல்லடை போட்ட குழிக்குள் இறங்கியது. அது நம் மழைநீர் சேகரிப்புக் கிணறு. எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்த பிறகு சென்னையில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதைப் பழையவர்கள் சொல்வார்கள். அந்தக் குழிக்குள் வருடக்கணக்காக ஞாயிறு தோறும் ஷாம்பு, என்ஜின் ஆயில், பிரேக் தூள் எல்லாவற்றையும் நாமே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நம் போர் இழுப்பதும் அதே மண்ணிலிருந்து. இந்தச் சதுப்பு நிலத்து ஊரில் தண்ணீர் ஒன்று அளவுக்கு மீறி வரும், இல்லையென்றால் வரவே வராது. மிக்ஜாம் புயலில் நம் பேஸ்மென்ட்டில் கார்கள் மிதந்தது 2023 டிசம்பர். அந்த டிசம்பர் தண்ணீரில் கொஞ்சத்தையாவது மே மாதத்துக்கு வைத்துத் தருகிற ஒரே வாசல் அந்தக் குழி. அதற்குள் சோப்புத் தண்ணீர் போகக் கூடாது. கார் கழுவும் இடத்தை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் மாற்றினால், அங்கே இருக்கும் வடிகால் எஸ்.டி.பி.க்குப் போகிறது. அந்தப் பக்கமும் வாளி கவிழ்த்துப் பார்த்துவிட்டேன்.

ஆகவே நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். பார்க்கிங் குழாய்கள் மூன்றுக்கும் பூட்டு போடுங்கள், சாவி மேனேஜர் அறையில் இருக்கட்டும். ஜெனரேட்டர் அறை ஓரத்தில் ஒரே ஒரு குழாய், அதற்கு ஒரு சின்ன மீட்டர், வாளி வைத்துப் பிடிக்க மட்டும். மாதக் கடைசியில் மீட்டர் எண்ணை லிஃப்ட் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். மிச்சம் ஆனது எத்தனை லாரி என்று கண்ணால் பார்த்தால் எல்லோருக்கும் மனம் வரும். அபராதம் இருக்கட்டும், அதைச் சொல்லும் பொறுப்பு செயற்குழு உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும், செக்யூரிட்டி அண்ணனை அதில் இழுக்காதீர்கள். வியாழக்கிழமை அவரிடம் பேசியவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

முக்கியமாக, கார் துடைக்க வரும் நால்வரையும் நாளைக்கே உள்ளே விடுங்கள். தம்பிக்கு நம் வளாகத்திலிருந்து மாதம் 13,000 ரூபாய் வருகிறது. ஒரு காகிதத்தை ஒட்டி அதை நிறுத்திவிட்டோம், அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை. தண்ணீர்ப் பஞ்சம் என்றால் என்ன என்று நாம் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்துவிட்டு, அதன் பிறகு இங்கே வந்து நம் கார்களைத் துடைத்த ஆள். மூன்று கார்களுக்கு ஒரு வாளி என்று அவர் வைத்திருப்பது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. மூன்றாவது காருக்கு வரும்போது தண்ணீர் கலங்கிவிடுகிறது என்பது உண்மை. இரண்டு கார்களுக்கு ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளச் சொன்னால் அவர் துணியும் பாழாகாது, நம் பெயின்டும் பாழாகாது. அப்போதும் 26 காருக்கு 13 வாளிதான், 195 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை டியூபில் ஒரு கார் குடித்ததைவிட அதுவும் குறைவு.

கார் வைத்திருக்கும் மற்றவர்களிடம் ஒன்று. அவரைத் திரும்பக் கூப்பிடும்வரை இந்த மாதச் சம்பளத்தைப் பிடித்துவிடாதீர்கள். வராத நாட்கள் அவர் எடுத்த விடுமுறை அல்ல. நான் போன வாரமே கொடுத்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜெனரேட்டர் அறைப் பக்கம் என் காரை நிறுத்தியிருப்பேன். லிட்டர் கோடு போட்ட இரண்டு வாளி, ராத்திரி பிடித்த ஏ.சி. தண்ணீர், நான்கு துணி. நம்பிக்கை இல்லாதவர்கள் வந்து அளந்து பாருங்கள், கூடவே ஒரு துணி பிடித்தால் இன்னும் நல்லது. தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். கேட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விடும்படி இன்றைக்கே செக்யூரிட்டியிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரி